அப்பா இந்தக் கார்த்திகைக்கும் மாலை போடுகிறேன் என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது

கவாத்துக்காரர் மகள்

இந்தக் குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் என்பதால்தான் துணிந்து எழுதுகிறேன். ஊரில் யாரிடமும் கேட்க முடியவில்லை, கேட்டால் மறுநாள் வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டுக்களத்தில் அதுதான் பேச்சு.

எங்கள் அப்பாவுக்கு 54 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறார், கிளை கழிக்கிற வேலை. நல்ல வேலைக்காரர், கங்காணியே சொல்வார். ஆனால் பின்னேரம் ஆனால் கால் போத்தல் வேண்டும், சம்பள வாரத்தில் அரை, கையில் காசு இல்லாத நாட்களில் ஆற்றோரம் காய்ச்சுகிற கசிப்பு. இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான். காலையில் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார், ஒரு கையால் பிடித்தால் தளும்பும். சின்ன வயதில் அது அப்பாவின் பழக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கார்த்திகை நடுவில் ஐயப்பனுக்கு மாலை போட்டார். முதல் நாள் இரவோடு குடியை விட்டார், ஒரு சொட்டுக்கூட இல்லை. அம்மா அழுதே விட்டார். இரண்டாம் நாள் விடியற்காலை பீலியில் குளிக்கப் போனவர் அங்கேயே விழுந்து வலிப்பு வந்துவிட்டது. யாரோ ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கையில் வைத்தார்கள், யாரோ சாமி குற்றம் என்றார்கள். தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டொக்டர் எங்களைப் பிடித்து ஏசினார்: "யார் உங்களை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னது?" எங்களுக்கு விளங்கவே இல்லை. பிறந்ததில் இருந்து எல்லாரும் நிறுத்து நிறுத்து என்றுதான் சொன்னார்கள், நிறுத்தினால் ஏச்சு.

அடுத்த மூன்று நாளும் அவர் எங்களை அடையாளம் காணவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கவாத்துக் கத்தி பிடித்த மாதிரி கையை வைத்து, போர்வையை வெட்டிக்கொண்டே இருந்தார். வெட்டுவார், குனிந்து பார்ப்பார், அடுத்த செடிக்கு நகர்வார். "இந்த நிரை முடியல, முடியல" என்று ஒரே பேச்சு. அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

பிறகு தெளிந்து வீட்டுக்கு வந்து, மாலையோடு முழு விரதமும் இருந்து போய் வந்தார். அந்த நாட்களில் எங்கள் வீடு வேறு வீடு. மாலையைக் கழட்டியது தைப்பொங்கலுக்கு முதல் நாள். பொங்கல் அன்று பின்னேரம் பழையபடி.

இப்போது மறுபடியும் கார்த்திகை வருகிறது. போட விடுவதா, வேண்டாம் என்பதா? 41 நாள் இருக்க முடிந்தவர் ஏன் 42ஆம் நாள் இருக்க மாட்டேன் என்கிறார்?

மழைக்கோட்டு

தங்கச்சி, ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நம்முடைய மலையில் நாள் முழுக்க மழையில் நின்று, அட்டை கடித்து, கவாத்து வெட்டிவிட்டு வருகிற மனிதன் குளிருக்கு ஒரு கிளாஸ் போடுவதை இவ்வளவு பெரிய நோய் மாதிரிப் பேசுவது கூடாது. எங்கள் தாத்தா 80 வயது வரைக்கும் தினம் கள்ளு குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. அளவோடு குடிக்கச் சொல்லுங்கள், முழுதாக விடச் சொல்வதால்தான் இந்த வலிப்பெல்லாம்.

நைட் டியூட்டி

நான் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. எந்த ஊர் என்று சொல்லவில்லை. முதலில் தங்கச்சிக்குப் பதில், மழைக்கோட்டு அண்ணனுக்குப் பிறகு.

உங்கள் அப்பாவுக்கு வந்தது சாமி குற்றம் இல்லை. வருடக்கணக்காகத் தினமும் சாராயம் போகிற மூளை, அந்த மந்தத்துக்கு எதிராக எந்நேரமும் பிரேக்கை விட்டு அக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே பழகிவிடும். சாராயத்தைத் திடீரென்று எடுத்தால் மிதித்த கால் மிதித்தபடி இருக்கிறது, தடுக்க ஒன்றும் இல்லை. கடைசிக் கிளாஸில் இருந்து ஆறு மணித்தியாலம் போனதும் கை நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். அதன்பிறகு, இரண்டாம் நாளில் இருந்து நான்காம் நாள் வரைக்கும், நீங்கள் சொன்ன அந்தப் பிதற்றல். அவரவர் தொழிலைக் கையால் செய்துகொண்டே இருப்பார்கள். டிரைவர் கட்டிலில் ஸ்டியரிங் பிடிப்பதையும் மேசன் சுவரில் சாந்து பூசுவதையும் நான் பார்த்திருக்கிறேன். கவனிக்காமல் விட்டால் உயிர் போகிற நிலைமை அது.

அதனால் இந்த வருடம் மாலை போடுவதில் தப்பே இல்லை, ஆனால் வரிசையை மாற்றுங்கள். கார்த்திகைக்கு இரண்டு வாரம் முன்பே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். போன வருடம் வலிப்பு வந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருகிற வாய்ப்பு அதிகம். வார்டில் வைத்து, நடுக்கத்தை அடக்குகிற மருந்தை முதலில் கூடுதலாகக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே விற்றமின் பி1, தயமின் என்று எழுதியிருக்கும். நீண்ட நாள் குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, சாப்பிட்டாலும் அது உடம்பில் சேர்வதில்லை. அந்தச் சத்து இல்லாவிட்டால் நினைவு நிரந்தரமாகவே கெட்டுப்போகலாம். அந்த நடுக்க மருந்தைப் பாமசியில் வாங்கி வீட்டில் நீங்களே கொடுக்க வேண்டாம், அதோடு குடித்தால் மூச்சே நின்றுபோகும். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவராகவே முழுதாக நிறுத்தவும் வேண்டாம். இதை ஒரு தாதி எழுதுகிறாளே என்று யாரும் திட்ட வேண்டாம், காரணம் மேலே இருக்கிறது.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். சாவியால் ஒரு பயனும் இல்லை.

மழைக்கோட்டு அண்ணே, குளிர் கதை. குடித்ததும் தோலுக்கு அடியில் இரத்தக் குழாய் விரிகிறது, சூடான இரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தெரிகிறது. உண்மையில் உள்ளே இருக்கிற சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நுவரெலியாக் குளிரில் குடித்துவிட்டு வாங்கு ஓரம் தூங்கிப்போனவர்கள் விறைத்துக் கிடப்பது அதனால்தான். அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 180 மில்லி கால் போத்தலில் சுத்தமான மதுசாரம் மட்டும் கிட்டத்தட்ட 50 கிராம். 8.8 சதவீத ஸ்ட்ரோங் பியர் 500 மில்லி கேனில் 35 கிராம். பியர்தானே என்று சொல்பவர்களுக்காக அந்தக் கணக்கு.

கவாத்துக்காரர் மகள்

அக்கா, ரொம்ப நன்றி. டொக்டர் ஏசியதற்கு அர்த்தம் ஒரு வருடம் கழித்து இன்றைக்குத்தான் விளங்குகிறது. அன்றைக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அம்மா பூசாரிக்குக் கொடுத்த காசாவது மிஞ்சியிருக்கும்.

ஸ்டோர்ச் சங்கு

நான் மஸ்கெலியாக்காரன், இப்போது கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறேன். காரணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசினாலே எல்லாரும் வறுமை, கவலை, உடம்பு வலி என்று மூன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அம்மாமாருக்கு இல்லாத உடம்பு வலியா?

எங்கள் தோட்டத்தில் ஆம்பளை வேலை கணக்கு வேலை. கவாத்து என்றால் இத்தனை செடி, மருந்தடிப்பு என்றால் இத்தனை டேங்க். விடியக் காலையில் போய் விறுவிறுவென்று முடித்தால் மத்தியானம் ஒரு மணிக்கு அப்பா வீட்டில். அம்மா கொழுந்து நிறுத்து, கூடையைக் கவிழ்த்து, பிள்ளை பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வர ஐந்து மணி. இந்த நான்கு மணித்தியாலம் ஒரு மனுசன் என்ன செய்வான்? லயத்து வரிசை வீட்டில் உட்கார இடம் இல்லை, பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, அதற்குள் கட்டில், அடுப்பு, கோழிக்கூடு. வாசிகசாலை என்று ஒரு கட்டடம் இருந்தது, கூரை போனபிறகு ஆடு கட்டினார்கள். கிரவுண்ட் இல்லை. தோட்டத்து முச்சந்தியில் கதிரை போட்டு உட்காரவைத்து, "வாங்கண்ணே" என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஒரே இடம் தவறணை, சாராயக் கடை. எங்கள் அப்பா போதைக்காகப் போனார் என்று நான் நினைக்கவில்லை. முதலில் கதிரைக்காகத்தான் போனார். பிறகுதான் போதை அவரைப் பிடித்தது.

நானும் கொழும்பில் முதல் வருடம் அப்படித்தான் தொடங்கினேன். கடைக்கு மேலே ஒரு அறையில் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை போக ஒரு இடம் கிடையாது. இப்போது ஞாயிறானால் கிரிக்கெட் விளையாடப் போகிறேன், வேறு எந்தப் பெரிய ஞானமும் எனக்கு வரவில்லை.

லயத்துப் பேத்தி

இந்த இழையை நல்ல எண்ணத்தோடு தொடங்கியிருக்கிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் "தோட்டத்து ஆட்கள் என்றாலே குடி" என்று வெளியே இருக்கிற பேச்சுக்கு நாமே தீனி போடக்கூடாது. வருடத்துக்கு ஒருமுறை யாராவது கமராவோடு வந்து தேயிலைச் செடிக்குக் கீழே விழுந்து கிடக்கிற ஒரு தாத்தாவைப் படம் பிடித்துப்போவார்கள், "மலையகத்தின் அவலம்" என்று தலைப்புப் போடுவார்கள். பணக்காரர் இருக்கிற கொழும்பு ஏழில் குடிப்பவன் வீட்டுக்கு மதில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். லயத்தில் ஒரே கூரை. மூன்றாவது காம்பராவில் கிளாஸ் உடைந்தால் எட்டாவது காம்பராவில் குழந்தை எழும்பும். எங்கள் குடி ஊருக்கே கேட்கிறது, அவர்கள் குடி கேட்பதில்லை.

எங்கள் தாத்தா ஒரு நாளும் தொட்டதில்லை, அப்பாவும் இல்லை. இப்படியும் ஆயிரம் வீடு இருக்கிறது, அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாததால் யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்று. பெண்களும் குடிக்கிறார்கள். குளிர், கைகால் வலி, புருசனோடு சேர்ந்து, புருசன் போனபிறகு தனியாக. கடையில் போய் நின்று வாங்க மாட்டார்கள், பிள்ளையை அனுப்புவார்கள். ஆம்பளைக்கு உதவி கேட்க வெட்கம் என்றால் பொம்பளைக்கு அது நூறு மடங்கு.

பசறைப் பக்கத்து வாத்தியார்

லயத்துப் பேத்தி சொல்வதோடு முழுதாக உடன்படுகிறேன். ஆனால் மறைக்கவும் முடியாது அம்மா, நான் தினமும் அதன் மறுபக்கத்தைப் பார்க்கிறவன்.

சம்பளம் போட்ட மறுநாள் என் வகுப்பில் வரவு குறையும். வந்த பிள்ளைகளில் மூன்று பேராவது முதல் பாடத்திலேயே மேசையில் தலையை வைத்துத் தூங்கும். நான் எழுப்புவதில்லை. இரவு எங்கே தூங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியும்: பக்கத்துக் காம்பராவில், கோயில் திண்ணையில், சில நாள் தேயிலைக்குள். ஆறாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி. ஒரு நாள் சட்டைப் பையில் ஒரு சாவி வைத்திருந்தாள், என்னம்மா என்று கேட்டேன். "அரிசிப் பெட்டி சாவி சேர், அம்மா என்கிட்டத்தான் குடுப்பாங்க, அப்பா அரிசியை வித்துருவாரு." பதினோரு வயது. தம்பிக்குச் சோறு பிரிப்பது, அப்பா எந்த நிலையில் வருகிறார் என்று காலடிச் சத்தத்தை வைத்துச் சொல்வது, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நிற்பது எல்லாம் அவள் வேலை. இந்தப் பிள்ளைகள் குழப்படி செய்வதில்லை. ரிப்போட்டில் "மிக ஒழுக்கமானவர்" என்று எழுதுவோம். எனக்கு அந்த ஒழுக்கத்தைப் பார்த்தால்தான் பயம்.

அப்புறம் அடுத்த தலைமுறை. குடிக்கிற அப்பாவின் மகனுக்கு அந்தப் பழக்கம் வர வாய்ப்பு கூட, அதில் பாதி பரம்பரையாக வருவது என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. மற்றப் பாதியை நான் கண்ணால் பார்க்கிறேன். இழவு வீட்டில் பாடை தூக்குபவர்களுக்கு ஒரு போத்தல், தப்படிப்பவர்களுக்கு ஒரு போத்தல், காமன் கூத்துக்கு ஒன்று, எலெக்சன் நேரம் கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லாரிடமிருந்தும் ஒன்று. அந்தப் போத்தலை வாங்கி வரப் போகிறவன் பதினான்கு வயதுப் பையன். 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது. சட்டம் கொழும்பில் இருக்கிறது, பையன் இங்கே இருக்கிறான்.

சங்கு தம்பி வாசிகசாலை பற்றிச் சொன்னாரே, அதற்கும் ஒரு கதை உண்டு. 1912இல் வெள்ளைக்காரன் புதிய கலால் சட்டம் கொண்டுவந்து தவறணைகளைப் பெருக்கியபோது நாட்டில் பெரிய மதுவிலக்கு இயக்கமே நடந்தது, சேனாநாயக்க சகோதரர்கள் அரசியலுக்கு வந்ததே அதன் வழியாகத்தான். தோட்டத் துரைமார் பிடிக்குள் இருந்த நமது ஆட்களுக்கு அதில் பேச வாய் இருக்கவில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தோடு பெரும்பாலானவர்களுக்கு வாக்கே இல்லாமல் போனது. ஊர் வேலைகளைப் பார்க்கிற பிரதேச சபைகளுக்கான சட்டம் 1987இல் வந்தது. தோட்டத்துக்குள் ரோட்டுக்கோ வாசிகசாலைக்கோ அந்தச் சபை காசு செலவழிக்க 2018இல் திருத்தம் வரும்வரை தடை இருந்தது. ஆனால் தோட்டத்து வாசலில் தவறணைக்கு லைசன்ஸ் கொடுக்க எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நமது முச்சந்தியில் எது இருக்கிறது, எது இல்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழைக்கோட்டு

சேர், அந்தச் சாவிக் கதையை வாசித்தபிறகு கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் சீனி டின்னைப் பூட்டி வைப்பார்கள், இப்போதுதான் யோசிக்கிறேன் அது யாருக்காக என்று. சரி, நான் முதலில் எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும், அழிக்கவில்லை.

ஆறு வருசம்

தங்கச்சி, உன் கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 41 நாள் முடிந்தவருக்கு 42ஆம் நாள் ஏன் முடியவில்லை என்று கேட்டாய். நான் அப்படி நான்கு முறை மாலை போட்டுக் கழட்டியவன், அதனால் சொல்கிறேன்.

மாலை போட்டவுடன் என்ன நடக்கிறது? நேற்றுவரைக்கும் "டேய் குடிகாரா" என்று கூப்பிட்டவன் "சாமி" என்கிறான். கங்காணி "சாமி, இந்தப் பக்கம் வாங்க" என்கிறார். பெண்சாதி தனிச் சட்டியில் சமைத்து வைக்கிறாள். பிள்ளைகள் காலில் விழுகிறார்கள். விடியக் காலை நாலு மணிக்கு எழும்பினால் எழும்ப ஒரு காரணம் இருக்கிறது, பின்னேரம் ஆறு மணிக்குப் போக ஒரு பஜனை இருக்கிறது, பஜனையில் பக்கத்தில் உட்கார ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். பழைய கூட்டாளி ரோட்டில் கண்டால் தானே விலகிப் போகிறான், சாமிக்கு ஊற்றிக் கொடுத்தால் பாவம் என்று. ஒரு மனுசனுக்குக் குடியில்லாமல் இருக்க என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் அந்தக் கறுப்பு வேட்டியோடு வந்துவிடுகிறது.

கழட்டின அன்றைக்கு அத்தனையும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. பின்னேரம் ஆறு மணி மட்டும் அப்படியே இருக்கிறது. அதுவும் எப்போது கழட்டுகிறோம்? பொங்கல் நேரத்தில், ஊரே கொண்டாட்டமாக இருக்கிறபோது. கூட்டாளி வாசலில் வந்து நிற்பான்: "விரதம் முடிஞ்சிச்சுதானே?" நாலாவது முறை நான் மாலையைக் கழட்டிய இடத்தில் இருந்து நேராகத் தவறணைக்குப் போனேன். நெற்றியில் விபூதி இருந்தது.

நான் விட்டது சாமியாலும் இல்லை, பெண்சாதி கண்ணீராலும் இல்லை. கசிப்பில் எதையோ கலந்திருந்தார்கள், என்னோடு குடித்த ஒருவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. மெதனோல் என்று டொக்டர் சொன்னார். அதே கேனில்தான் நானும் ஊற்றினேன், அன்றைக்குக் காசு குறைவாக இருந்ததால் கொஞ்சமாக ஊற்றினேன். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆனால் பயம் மூன்று மாதம்தான் நிற்கும், அதற்கு மேல் நிற்காது. அதற்குப் பிறகு நின்றது சின்னச் சின்ன விசயத்தால். சம்பள நாளில் நான் டவுனுக்குப் போவதில்லை, ஆறு வருடமாக. தவறணை வழியாகப் போகாமல் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது, பத்து நிமிடம் கூட ஆகும், அதில்தான் போகிறேன். பின்னேரம் ஒரு மரக்கறிப் பாத்தி, லீக்ஸும் கரட்டும். அதில் பெரிய லாபம் ஒன்றும் இல்லை, ஆனால் ஆறு மணிக்கு மண்ணில் கை இருக்கிறது. கிளினிக்குக்கு மாதா மாதம். நடுவில் இரண்டு முறை வழுக்கினேன், ஒருமுறை மச்சான் கல்யாணத்தில். அப்போது பெண்சாதி ஒரு வார்த்தை ஏசவில்லை, "கிளினிக்குக்கு எப்ப போறீங்க" என்று மட்டும் கேட்டாள். ஏசியிருந்தால் அன்றைக்கே ஒரு போத்தலை முடித்திருப்பேன்.

உன் அப்பா 41 நாள் இருந்தது நடிப்பு இல்லை, அதை அவரிடம் சொல்.

லயத்துப் பேத்தி

ஆறு வருசம் அண்ணே, கும்பிடுகிறேன். ஆனால் ஏசாமல் இருந்த அந்த அக்காவைப் பற்றியும் ஒருவர் எழுத வேண்டும்.

காசு பற்றிப் பேசாமல் இந்தக் கதை முடியாது. முந்தி சம்பள நாளில் பெண்சாதியின் சம்பளத்தையும் புருசன்தான் கைநாட்டு வைத்து வாங்குவார், அதைத் தோட்டமே ஏற்றுக்கொண்டது. இப்போது வங்கிக்குப் போகிறது என்கிறார்கள், சரி. ஆனால் ஏடிஎம் கார்ட் யார் கையில்? எங்கள் லயத்தில் ஆறு வீட்டில் அம்மாவின் கார்ட் அப்பாவின் பர்ஸில். நம்பரைக் கார்டின் பின்பக்கத்திலேயே பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ஆனபோது, 25 நாள் வேலைக்குப் பேர் விழுந்தால் மாதம் 33,750, அதில் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் எல்லாம் கழித்து மிச்சம் வந்தது. அந்த மிச்சத்தில் கடைப் பற்றுக் கொப்பிக் கணக்கு, அடகு வட்டி, நுண்கடன் தவணை. குடிக்குப் போனது போக அம்மா தீர்க்க வேண்டியது எல்லாம் இதுதான். தங்கச்சி, உங்கள் அம்மாவின் கார்ட் முதலில் அம்மாவிடம் வரட்டும். சண்டை வேண்டாம், கார்ட் தொலைந்துவிட்டது என்று வங்கியில் சொல்லிப் புதிது எடுங்கள், புது நம்பரோடு. எங்கள் அம்மாயி செய்தது அது.

தவறணையில் அவருக்காகக் கடன் அடைப்பது, பேர் விழாமல் போகக்கூடாதென்று கங்காணியிடம் காய்ச்சல் என்று பொய் சொல்வது, இதெல்லாம் அன்பால்தான் செய்கிறோம். ஆனால் அவர் விழுகிற இடத்தில் எல்லாம் நாமே மெத்தை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அடி உதை இருந்தால் அது வேறு. "குடித்தால்தான் அடிப்பார், மற்றபடி தங்கமானவர்" என்று சொல்லி எத்தனை பேரைப் புதைத்திருக்கிறோம். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், அதற்காக அவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டியதில்லை. போனில் உதவி கேட்கிற நம்பர், பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929.

நைட் டியூட்டி

மனநல உதவிக்கு 1926 என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு அவசர விசயம். போன வாரம் ஒரு அம்மா வார்டுக்கு வெளியே என்னிடம் ஒரு பொட்டலத்தைக் காட்டினார், "கணவருக்குத் தெரியாமல் குடியை மறக்கடிக்கும் பொடி" என்று பேஸ்புக்கில் பார்த்து வாங்கியது. தேத்தண்ணியில் கலந்து கொடுக்க வேண்டுமாம். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். இந்த மாதிரிப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்று எங்கும் எழுதியிருப்பதில்லை. டைசல்பிராம் என்று உண்மையான மருந்து ஒன்று உண்டு, அதை எடுத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு அடித்து, பிரஷர் விழும். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால் குடிப்பவரே சம்மதித்து, என்ன ஆகும் என்று தெரிந்து, டொக்டர் பார்வையில் எடுக்க வேண்டியது அது. ஆசையைக் குறைக்கிற நல்ட்ரெக்சோன் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன. ஈரலைப் பார்த்துத்தான் எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வார்கள். எதையும் தேத்தண்ணியில் கலப்பதில்லை.

தங்கச்சி, குருசாமியிடம் பேசினீர்களா? எங்கள் ஊரில் குருசாமி சொன்னால் டொக்டர் சொன்னதைவிடப் பெரிது.

கவாத்துக்காரர் மகள்

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வாரமாக எழுத முடியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆறு வருசம் அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இந்த இழை என்று சொல்லவில்லை, ஒருவர் எழுதியது என்று மட்டும் சொன்னேன். விபூதியோடு தவறணைக்குப் போன இடத்தில் அப்பா எழும்பி வெளியே போய்விட்டார். கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். பிறகு வந்து, "மிச்சத்தையும் வாசி" என்றார்.

குருசாமி எங்களைவிடத் தெளிவாக இருந்தார். போன வருடம் பீலியில் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். "ஆஸ்பத்திரி முதல்ல, மாலை பிறகு, ஐயப்பன் காத்திருப்பார்" என்றார். ஆறு நாள் வார்டில் இருந்தார். நடுக்கம் இருந்தது, வலிப்பு வரவில்லை, பிதற்றவும் இல்லை. ஈரல் கொழுப்பு ஏறியிருக்கிறது, இன்னும் சுருங்கவில்லை, இப்போது விட்டால் திரும்ப வாய்ப்பிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். ஆறாம் நாள் காலை தேத்தண்ணிக் கோப்பையை ஒரு கையால் தூக்கினார். நானும் அம்மாவும் அதைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

கார்த்திகை ஏழாம் தேதி மாலை போட்டார். அம்மாவின் கார்ட் இப்போது அம்மாவிடம். புது நம்பர் எனக்கே தெரியாது. அதில் ஒரு சண்டை நடந்தது, பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் அப்பா எங்கள் இருவரோடும் பேசவில்லை.

மாலை கழட்டுவதுதான் இப்போது எங்கள் பயம். குருசாமியும் கூடப் போகிற சாமிமாரும் ஒரு யோசனை சொல்கிறார்கள், கழட்டிய பிறகும் சனிக்கிழமை பின்னேர பஜனைக்கு அப்பாதான் மிருதங்கம் என்று. அவர் சின்ன வயதில் வாசித்தவராம், எங்களுக்கே தெரியாது. தோலெல்லாம் கிழிந்து பரண் மேல் கிடந்ததை எடுத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த கிளினிக் தேதி மாலை கழட்டி நான்காம் நாள் விழுகிறது. அன்றைக்குக் கொழுந்து கூடிய நேரம், அம்மாவால் வர முடியாது. நான் லீவு போட்டுத்தான் வர வேண்டும். ஹட்டனில் பஸ் மாற வேண்டும், மாறுகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பார் இருக்கிறது.

ஆறு வருசம்

தேதியை உள்பெட்டியில் போடு தங்கச்சி. எனக்கும் அந்த வாரம் கிளினிக்தான். காலை ஏழு மணியில் இருந்து பொகவந்தலாவை பஸ் வந்து நிற்கிற இடத்தில் நிற்பேன். பச்சைக் குல்லா, கையில் லீக்ஸ் கட்டு இருக்கும்.